வீட்டிலிருந்தே தகவல்தொடர்பு ஆலோசகராக வேலை: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொடங்கலாமா என்று யோசிப்பவர்களும், தொடங்கி ஆறு மாதத்தில் எங்கோ மாட்டிக்கொண்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். கட்டணங்களும் விதிகளும் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் முன் அந்தந்த அமைப்பின் இணையத்தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. தகவல்தொடர்பு ஆலோசகர்னா என்ன வேலைங்க? கம்ப்யூட்டர் வேலையா?

இல்லை. ‘தகவல் தொழில்நுட்பம்’, ‘தொலைத்தொடர்பு’ இரண்டோடும் இதைக் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஒரு நிறுவனம் எதை, யாரிடம், எப்போது, எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று முடிவெடுக்க உதவுவதுதான் வேலை. ஊடக அறிக்கை எழுதுவது, பேட்டிக்குப் போகிறவரைத் தயார்படுத்துவது, ஊழியர் மடல், தலைவரின் உரை, பிரச்சினை வெடித்த முதல் ஒரு மணி நேரத்துக்கான அறிக்கை, ஆங்கிலப் பிரசாரத்தைத் தமிழ் வீடுகளுக்கு ஏற்ப மாற்றி அமைப்பது எல்லாம் இதில் அடங்கும்.

தமிழ்ப் பக்கத்தில் ஊடகங்கள் எண்ணி முடிக்கக்கூடியவை: 1935இலிருந்து வரும் தமிழ் முரசு நாளிதழ், மீடியாகார்ப்பின் வசந்தம் தொலைக்காட்சி, ஒலி 96.8 வானொலி. களம் சிறியதாக இருப்பதால் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒருமுறை தவறான தகவல் அனுப்பினால் அது உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் விற்பது எழுத்தை அல்ல, இதைச் சொல்லலாமா வேண்டாமா என்ற தீர்ப்பை. கட்டணம், ஒப்பந்தம் பற்றிய பதில்கள் எல்லாம் இதை வைத்தே வருகின்றன.

2. இதுக்கு லைசென்ஸ் வேணுமா? அக்ராவுல பதியணுமா?

இந்தத் தொழிலுக்குத் தனி உரிமம் கிடையாது. சிங்கப்பூர் பொதுத் தொடர்புக் கழகத்தில் உறுப்பினராவதும் உங்கள் விருப்பம்.

அடையாள அட்டையில் இருக்கும் முழுப் பெயரிலேயே தொழில் செய்தால், தொழில்களைப் பதியும் அரசாங்க ஆணையமான அக்ராவில் பதிய வேண்டியதில்லை. பெயரோடு ‘கன்சல்டன்சி’ என்றோ ‘அண்ட் கோ’ என்றோ ஒரு சொல் சேர்த்தாலும் பதிவு கட்டாயம். அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) வழியாகச் செய்யலாம்: பெயருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. மூன்றாண்டுக்குச் சேர்த்துப் பதிந்தால் 160 வெள்ளி. நடைமுறையில் பதிந்துகொள்வதே நல்லது. பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு யுஇஎன் என்ற பதிவு எண் இல்லாத விலைப்பட்டியலைக் கண்டால் திருப்பி அனுப்பிவிடும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முன்பு எப்போதாவது சுயதொழில் வருமானம் காட்டி, அதற்கான மெடிசேவ் (கட்டாய மருத்துவச் சேமிப்பு) பாக்கி நின்றிருந்தால் பதிவோ புதுப்பிப்போ நகராது. மத்திய சேம நிதிக் கழகத்தில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

3. வீவக வீட்டுல இருந்து தொழில் நடத்தலாமா? பக்கத்து வீட்டுக்காரர் புகார் குடுத்துட்டா?

நடத்தலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் (வீவக) இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. கேக் சுடுவது, தையல், டியூஷன் போன்றவை வீட்டுச் சிறுதொழில் திட்டத்தில் வரும். அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆலோசனைத் தொழில் ‘ஹோம் ஆபிஸ்’ திட்டத்தில் வரும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், ஒருமுறைக் கட்டணம் 20 வெள்ளி. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். தனியார் வீடு என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் போக வேண்டும்.

நிபந்தனைகள் கடுமையானவை அல்ல. வீடு முதலில் வீடாகவே இருக்க வேண்டும். வாசலில் பெயர்ப்பலகை கூடாது. அந்த வீட்டில் வசிக்காத ஊழியர்கள் இருவருக்கு மேல் கூடாது. சத்தமோ, ஆட்கள் வரிசையாக வந்து போவதோ அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகக் கூடாது. கணினியும் தொலைபேசியும் மட்டும் உள்ள தொழிலுக்குப் புகார் வருவது அபூர்வம். வந்தால் பெரும்பாலும் வாடிக்கையாளரை வீட்டுக்கு அழைப்பதால்தான் வரும். அவர்களை நூலகத்திலோ காப்பிக்கடையிலோ சந்தியுங்கள்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால் ‘இந்தப் பையை மட்டும் ஒட்டிக் குடும்மா’ என்று தொழில் வேலையில் ஒரு கை கேட்பதும் விதிமீறல். அவருடைய வேலை அனுமதி வீட்டு வேலைக்கு மட்டும்.

4. நான் ஈபியில இருக்கேன். சைடுல ரெண்டு கிளையண்ட் பார்த்துக்கலாமா? என் மனைவி டிபியில இருக்காங்க, அவங்க பேர்ல பண்ணா?

கூடாது. உங்கள் வேலை அனுமதி (ஈபி) அதில் குறிப்பிட்ட முதலாளிக்கு மட்டும்தான். பகுதிநேரமாக, இரவில், வெளிநாட்டுக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு என்று எப்படிச் சுற்றினாலும் பதில் மாறாது.

மனைவியின் பெயரில் செய்வதும் வழியல்ல. 2021 மே 1 முதல் சார்ந்திருப்போர் அனுமதியில் (டிபி) உள்ளவர்கள் ஒரு நிறுவனத்தில் வேலை செய்ய முறையான வேலை அனுமதி பெற வேண்டும். சொந்தத் தொழில் நடத்த வேறு நிபந்தனைகள் உள்ளன. உள்ளூர் ஆளை வேலைக்கு எடுப்பது அவற்றில் ஒன்று. மனிதவள அமைச்சிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முதல் வேலையைத் தொடுங்கள். இனி வரும் பதில்கள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை.

5. தனி உரிமையாளரா போறதா, பிரைவேட் லிமிடெட் போடுறதா?

தொடக்கத்தில் தனி உரிமையாளர் போதும். செலவு குறைவு, கணக்கு எளிது. குறை ஒன்றே: கடனும் வழக்கும் உங்கள் சொந்தச் சொத்துவரை வரும். பிரைவேட் லிமிடெட் என்றால் பதிவுக்கு 315 வெள்ளி, ஆறு மாதத்துக்குள் நிறுவனச் செயலாளர், ஆண்டுதோறும் கணக்கறிக்கை என்று செலவு தொடரும்.

உணவு, மருந்து, நிதிச் சேவை போன்ற துறைகளுக்கு எழுதத் தொடங்கும்போதும், வாடிக்கையாளர் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி கேட்கும்போதும் மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். மதிப்பாகத் தெரியும் என்பதற்காக மாறாதீர்கள்.

6. ஒரு நாளைக்கு எவ்வளவு கேக்கலாம்?

மற்றவர் வாங்குவதைக் கேட்டு அதில் பத்து வெள்ளி குறைப்பதுதான் பலர் செய்யும் தவறு. உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். மாதம் 5,000 வெள்ளிச் சம்பளத்தில் இருந்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60,000. முதலாளி கட்டிவந்த 17 விழுக்காடு மசேநி (மத்திய சேம நிதி) மாதம் 850, ஆண்டுக்கு 10,200. இனி அது இல்லை. இணையம், மென்பொருள், காப்புறுதி, மடிக்கணினித் தேய்மானம் எல்லாம் சேர்த்து 6,000. மொத்தம் 76,200 வெள்ளி வந்தால்தான் பழைய நிலையில் நிற்கிறீர்கள்.

இனி நாள்கள். வார நாள்கள் 260. பொது விடுமுறை 11, சொந்த விடுப்பு 14, உடம்பு சரியில்லாத நாள் 5 போனால் 230. அவ்வளவு நாளுக்கும் பணம் வராது. வேலை தேடுவது, விலை மேற்கோள் அனுப்புவது, பணத்துக்கு நினைவூட்டுவது என்று நூற்றுக்கு நாற்பது போய்விடும். மிச்சம் 138 நாள். 76,200ஐ 138ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 550, மணிக்கு 70 வெள்ளி. இது லாபம் இல்லாத அடிமட்ட விலை. பேரம் இதற்குக் கீழே இறங்கினால் அந்த வேலை வேண்டாம்.

7. சொல்லுக்கு இவ்வளவுன்னு பேசுறாங்களே, அது சரியா?

தமிழுக்கு அது நட்டம். நம் மொழியில் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். ‘விண்ணப்பிக்காதவர்களுக்கும்’ என்பது தமிழில் ஒரு சொல். அதையே ஆங்கிலத்தில் ‘ஈவன் ஃபார் தோஸ் ஹூ ஹேவ் நாட் அப்ளைட்’ என்று ஏழு சொல்லில் சொல்ல வேண்டியிருக்கிறது. 600 சொல் ஆங்கிலம் தமிழில் 400, 450க்குள் வந்து நிற்பது சகஜம். ஆகவே சொல் கணக்குத்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், மூல ஆங்கிலத்தின் சொற்களை எண்ணுவதாக விலை மேற்கோளிலேயே எழுதுங்கள்.

எங்கள் பரிந்துரை வேலைக் கணக்கு. ‘ஓர் ஊடக அறிக்கை, இரு மொழியில், இரண்டு சுற்றுத் திருத்தத்துடன், இவ்வளவு’ என்று சொல்லிவிடுவது. மாதக் கட்டணம் என்றால் எத்தனை மணி நேரம், பயன்படுத்தாத நேரம் அடுத்த மாதத்துக்குச் சேருமா (சேராது என்று எழுதுங்கள்), இரவு எத்தனை மணிவரை அழைக்கலாம் என்ற மூன்றும் காகிதத்தில் இருக்க வேண்டும்.

8. கோயில் கமிட்டி, சங்கம், சொந்தக்காரங்க கேட்டா காசு வாங்கறதா?

இலவசமாகச் செய்வதென்றால் முழு விலையில் பட்டியல் போட்டு, அதன் கீழே நூறு விழுக்காடு தள்ளுபடி என்று காட்டி அனுப்புங்கள். அடுத்த ஆண்டும் அதே மாமா கேட்கும்போது பேச்சு எளிதாகும்.

9. ஒப்பந்தத்துல என்னென்ன இருக்கணும்? வாட்ஸ்ஆப்ல ‘ஓகே’ சொன்னா போதாதா?

வாட்ஸ்ஆப் ‘ஓகே’யும் சான்றுதான். ஆனால் எதற்கு ‘ஓகே’ என்பதில்தான் சண்டை வரும். சுயதொழில் செய்வோருடன் ஒப்பந்தம் போடுவதற்கென்று அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்த முத்தரப்புத் தரநிலை 2018 முதல் இருக்கிறது. இரு தரப்பின் பெயர், வேலை என்ன, தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் பணம், இடையில் மாற்றம் வந்தால் எப்படி, தகராறு வந்தால் எங்கே போவது ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு பக்கம் போதும். தொலைபேசியில் பேசி முடித்திருந்தால், அன்றே ‘நாம் பேசியபடி’ என்று தொடங்கும் மின்னஞ்சல் ஒன்றை அனுப்பி, ‘சரி’ என்று பதில் வந்தபின் வேலையைத் தொடங்குங்கள்.

நம் தொழிலுக்கென்று சேர்க்க வேண்டியவை நான்கு. வாடிக்கையாளர் பக்கம் எல்லாருடைய கருத்துகளையும் தொகுத்துத் தரும் ஒரே ஆள் யார்? அது இல்லையென்றால் நிர்வாக இயக்குநர் வெட்டியதை அவருடைய மைத்துனர் மீண்டும் சேர்ப்பார். ஒரு சுற்றுத் திருத்தம் என்பது என்ன? தொகுத்து ஒரே தடவையில் வரும் கருத்துகள்தான் ஒரு சுற்று. முன்பணம் எவ்வளவு? புதியவரிடம் பாதி. எழுதி முடித்தபின் நிகழ்ச்சி ரத்தானால்? முடித்த அளவுக்குப் பணம்.

10. தமிழ் எழுத்து போஸ்டர்ல உடைஞ்சு வருது. டிசைனர் ‘என் கம்ப்யூட்டர்ல சரியாதான் இருக்கு’ங்கறார். யார் மேல தப்பு?

பெரும்பாலும் மென்பொருள் அமைப்பின் மேல். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாததால் உடைந்திருப்பதே அவர் கண்ணில் படுவதில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். தமிழ் அடுக்கும் விதியைச் செயல்படுத்தாத மென்பொருளில் அது பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியே தொங்கும். இன்டிசைனில் பத்தி அமைப்புகளில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் எழுத்துக்கான விருப்பங்களில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவு இருக்கும். எழுத்துரு யூனிகோடாக இருக்க வேண்டும்: நோட்டோ சான்ஸ் தமிழ், லதா, நிர்மலா யுஐ போன்றவை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும்.

கோப்போடு ஒரு சோதனை வரியும் சேர்த்து அனுப்புங்கள்: ‘கொக்கு, பேச்சு, நோன்பு, கௌரவம், மை, ஸ்ரீ’. அதே வரியைப் படமாகவும் அனுப்பி, ‘இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவா பாருங்கள்’ என்று கேளுங்கள். தமிழ் தெரியாதவராலும் இதை ஒப்பிட முடியும். ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய கட்டத்தைவிடத் தமிழுக்குக் கால் பங்காவது கூடுதல் இடம் கேட்டு வாங்குங்கள். சொல் நீளமாக இருப்பதால் குறுகிய பத்தியில் வரி கண்டபடி உடையும், ‘சிங்கப்’ மேலேயும் ‘பூர்’ கீழேயும் நிற்கும்.

அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பைக் கடைசியாக ஒருமுறை நீங்கள் பார்ப்பது ஒப்பந்தத்தின் ஒரு வரியாக இருக்கட்டும். மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் தொலைபேசி எண்ணை மாற்றும்போதுதான் எழுத்துரு தடம்புரளும். பிழையோடு தொங்கும் பதாகையின் கீழ் உங்கள் பெயர் இருக்காது. ஆனால் செய்தது யார் என்று ஊருக்குத் தெரியும்.

11. தமிழ்நாட்டுல படிச்ச தமிழ் இங்க செல்லாதா?

இலக்கணம் ஒன்றுதான், பொதுவழக்கு வேறு. அங்கே அமைச்சகம், இங்கே அமைச்சு. அங்கே டாலர், இங்கே வெள்ளி. ‘டிஜிட்டல்’ இங்கே மின்னிலக்கம். எம்ஆர்டி பெருவிரைவு ரயில், பிரைமரி ஸ்கூல் தொடக்கப்பள்ளி, ஹாக்கர் சென்டர் உணவங்காடி நிலையம். உள்ளூர் வாசகர் இவற்றை நாளிதழிலும் அரசாங்க அறிவிப்பிலும் பார்த்துப் பழகியவர். நீங்கள் வேறு சொல் போட்டால் புரியாமல் போகாது, ஆனால் வெளியூர்க் குரலாக ஒலிக்கும்.

சந்தேகம் வந்தால் அரசாங்கத்தின் ‘எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர்’ தளத்தில் சொல்லைத் தேடலாம். திட்டங்களின், அமைப்புகளின் பெயர்களை நீங்களாக மொழிபெயர்க்கவே வேண்டாம். அந்தந்த அமைப்பு தன் தமிழ் வெளியீட்டில் பயன்படுத்திய வடிவத்தை எடுத்தாளுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொண்டால் மூன்றாவது வேலையிலிருந்து நேரம் மிச்சமாகும்.

12. ஏஐ இருக்கே, உங்களுக்கு எதுக்குக் காசு குடுக்கணும்னு கேக்குறாங்க. என்ன சொல்றது?

வாக்குவாதம் வேண்டாம். அவர்கள் கொண்டுவரும் இயந்திரத் தமிழைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அங்காடிக்காரர் ‘வியாபாரி மையத்தில்’ இருப்பார், எண்பது வயதுப் பாட்டியை ஒரு வரியில் ‘நீங்கள்’ என்றும் அடுத்த வரியில் ‘உன்’ என்றும் அழைத்திருக்கும். மேலே சொன்ன உள்ளூர் வழக்கு அதில் பாதிக்குப் பாதி இருக்காது. சரிபார்த்துத் தரச் சொன்னால் அது மலிவான வேலை அல்ல; மோசமான நகலைத் திருத்துவதற்குப் புதிதாக எழுதுவதைவிட நேரமாகும். மணிக் கணக்கில் வாங்குங்கள்.

நீங்களே பயன்படுத்துவதாக இருந்தால், இன்னும் வெளிவராத அறிக்கையைப் பொதுத் தளத்தில் ஒட்டாதீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் அது நேரடியான மீறல்.

13. வீட்டுச் சத்தத்துல எப்படி ஜூம் மீட்டிங், ரெக்கார்டிங்?

வீவக புளோக்கில் உங்கள் எதிரி மேல்மாடிப் புதுப்பிப்பு வேலை. சுவர் உடைப்பது, தரை பெயர்ப்பது போன்ற இரைச்சல் வேலைகளுக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கிடையாது. மின்தூக்கி அருகே ஒட்டியிருக்கும் அறிவிப்பில் எந்த வீடு, எந்தத் தேதிகள் என்று இருக்கும். அதைப் படமெடுத்து வைத்து, குரல்பதிவைச் சனிக்கிழமைக்கோ மாலை 5க்குப் பிறகோ தள்ளுங்கள். காலை 6 மணிக்குக் கூவும் குயிலுக்குத்தான் எந்த விதியும் இல்லை.

வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பறை அமைதியாக இருக்கும் என்று அங்கே போய்ப் பதிவு செய்பவர்கள் உண்டு. கெட்டிக் கான்கிரீட் சுவர் வைஃபையையும் தடுக்கும், குரலையும் எதிரொலிக்கும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி, ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைத்துப் பேசுங்கள். அதைவிட நன்றாக வரும். கூட்டத்துக்கு வைஃபையை நம்பாமல், அறையில் லேன் முனை இருந்தால் கம்பியைச் செருகிவிடுங்கள்.

14. ராத்திரி பத்து மணிக்கு கிளையண்ட் ‘பிரச்சினை ஆயிடுச்சு’ன்னு போன் பண்றார். முதல்ல என்ன செய்யணும்?

முதலில் கேட்க வேண்டியவை: என்ன நடந்தது என்று உறுதியாகத் தெரியும்? யாருக்குப் பாதிப்பு? அதிகாரிகளுக்குத் தெரிவித்தாயிற்றா? எங்கெல்லாம் ஏற்கெனவே பரவிவிட்டது? பதிலில் ‘இருக்கலாம்’, ‘போல’ என்று வரும் எதுவும் அறிக்கையில் போகக் கூடாது. விருந்து உணவு தரும் நிறுவனம் ஒன்று என்றால் முதல் அறிக்கை இந்த அளவுக்குத்தான் இருக்க வேண்டும்:

‘இன்று மதியம் நாங்கள் வழங்கிய உணவைச் சாப்பிட்ட சிலருக்கு உடல்நலம் பாதிக்கப்பட்டதாக மாலை 6 மணிக்குத் தகவல் கிடைத்தது. அவர்களும் குடும்பத்தினரும் படும் சிரமத்துக்கு வருந்துகிறோம். இன்றிரவு உணவு விநியோகத்தை நிறுத்திவிட்டோம், அதிகாரிகளுக்கும் தெரிவித்துள்ளோம். அடுத்த தகவலை நாளை காலை 9 மணிக்குள் தருவோம்.’

நான்கு வாக்கியம். காரணம் சொல்லவில்லை, யார் மீதும் பழி போடவில்லை, ‘ஒருசிலர் மட்டுமே’ என்று சுருக்கவும் இல்லை. கடைசி வரியின் நேரத்தைக் காப்பாற்ற முடியாவிட்டால் அதை எழுதவே வேண்டாம். ஆங்கிலமும் தமிழும் ஒரே நேரத்தில் வெளிவர வேண்டும். தமிழ் இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் அதற்குள் வாட்ஸ்ஆப் குழுக்கள் தங்கள் மொழிபெயர்ப்பை முடித்திருக்கும். இரவு அழைப்புக்குத் தனிக் கட்டணம் கேள்வி 7இல் சொன்ன மாத ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருந்தால்தான் வாங்க முடியும். அந்த நேரத்தில் பேரம் பேசுவது அழகல்ல.

15. வரி எப்படிக் கட்டறது? எதையெல்லாம் செலவா காட்டலாம்?

ஆண்டுதோறும் மார்ச் 1 முதல் ஏப்ரல் 18க்குள் வரி வசூலிக்கும் ஆணையமான ஐராஸின் தளத்தில் வர்த்தக வருமானமாகக் காட்ட வேண்டும். ஆண்டு வருவாய் 200,000 வெள்ளிக்குள் இருந்தால் வருவாய், சரிசெய்த லாபம் என்று இரண்டே வரிதான். அதற்காக ரசீதுகளைத் தூக்கிப்போடாதீர்கள். ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றாலும் வேலையை இங்கே உட்கார்ந்து செய்தால் அது இங்கத்திய வருமானம்தான்.

மென்பொருள் சந்தா, தொழிலுக்கான தொலைபேசி, வாடிக்கையாளரைப் பார்க்கப் போன ரயில், டாக்சி செலவு காட்டலாம். மடிக்கணினியை மூலதனப் படித்தொகையாக ஒரே ஆண்டில் முழுவதும் கழிக்கலாம். வீட்டு இணையத்திலும் மின்சாரத்திலும் தொழிலுக்குப் போன பங்கு மட்டும். எப்படிப் பிரித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். சொந்தக் காரின் பெட்ரோல், பார்க்கிங், இஆர்பி சாலைக் கட்டணம் காட்ட முடியாது, வாடிக்கையாளரைப் பார்க்கத்தான் போனீர்கள் என்றாலும்.

நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கட்டாயம். 18,000க்கு மேல் முழு விகிதம்: 35 வயதுக்குக் கீழ் 8 விழுக்காடு, 35 முதல் 44 வரை 9, 45 முதல் 49 வரை 10, 50 முதல் 10.5, அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நாற்பது வயதுக்காரர் 50,000 சம்பாதித்தால் 4,500 வெள்ளி. வரும் பணத்தில் பத்தில் ஒன்றை வேறு கணக்கில் போட்டு வைக்காதவர்கள் அறிவிப்புக் கடிதம் வந்ததும் திண்டாடுகிறார்கள். அரசாங்க அமைப்புக்கு நேரடியாக வேலை செய்தால் 2020 முதல் அவர்கள் கட்டணத்திலிருந்தே ஒரு பகுதியை மெடிசேவுக்கு அனுப்பிவிடுவார்கள். பணம் குறைவாக வந்தது என்று பதற வேண்டாம்.

16. பில்லுல 9 விழுக்காடு ஜிஎஸ்டி போடணுமா?

பதிவு செய்யாதவர் போடவே கூடாது. ஆண்டு வருவாய் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டும்போதுதான் பதிவு கட்டாயம். கேள்வி 6இன் கணக்கில் போனால் அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

17. மூணு மாசமா பணம் வரல. கேட்டா ‘அக்கவுண்ட்ஸ்ல இருக்கு’ங்கறாங்க.

முதலில் உண்மையிலேயே ‘அக்கவுண்ட்ஸில்’ இருக்கிறதா என்று பாருங்கள். கொள்முதல் ஆணை எண் இல்லாதது, யுஇஎன் தவறு, விலைப்பட்டியலை வேலை தந்தவருக்கு மட்டும் அனுப்பியது ஆகிய மூன்றும்தான் பாதித் தாமதத்துக்குக் காரணம். கணக்குப் பிரிவை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். தாமதக் கட்டணம் வாங்க, அது ஒப்பந்தத்தில் முன்பே இருந்திருக்க வேண்டும். பிறகு சேர்க்க முடியாது.

அதிலும் நகரவில்லையென்றால் தேதி குறித்துக் கடைசிக் கடிதம். பிறகு முத்தரப்புத் தகராறு நிர்வாகக் கூட்டணியிடம் சமரசம் கேட்கலாம். மறு தரப்பும் வரச் சம்மதிக்க வேண்டும். அல்லது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை. பணம் வர வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. உங்கள் தாள்கள்தான் பேசும். கேள்வி 9இல் சொன்ன ‘நாம் பேசியபடி’ மின்னஞ்சலை இங்கேதான் நீட்டுவீர்கள்.

18. கிளையண்டுக்கு எழுதினதை என் வெப்சைட்ல மாதிரிக்குப் போடலாமா? அது என்னுது தானே?

உங்களுடையதுதான், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை. ஊழியர் எழுதியது முதலாளிக்கு. வெளி ஆலோசகர் எழுதியது எழுதியவருக்கு. 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் காணொளிக்கும்கூட, வேறு ஏற்பாடு இல்லையென்றால், முதல் உரிமையாளர் படைத்தவரே. ஆகவே நீங்கள் அமர்த்திய புகைப்படக்காரரிடம் உரிமையை எழுதி வாங்காமல், அதை வாடிக்கையாளருக்குத் தருவதாக நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது.

பெரும்பாலான நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் உரிமை முழுவதும் அவர்களுக்கே என்று இருக்கும். அதை ஏற்றுக்கொண்டு, முழுப் பணமும் வந்தபின்தான் உரிமை மாறும் என்ற வரியையும், வெளியான ஆறு மாதத்துக்குப் பின் மாதிரியாகக் காட்டலாம் என்ற வரியையும் கேட்டு வாங்குங்கள். வெளிவராத வரைவும், பிரச்சினைக் கால அறிக்கையும் எந்நாளும் மாதிரிக்கு ஆகாது.

19. பழைய கம்பெனியில சேர்த்த நம்பர் லிஸ்ட் இருக்கு. அதுக்கு வாட்ஸ்ஆப் அனுப்பலாமா?

வேண்டாம். அந்தப் பட்டியல் பழைய நிறுவனத்துடையது. அதில் உள்ளவர்கள் உங்களுக்குச் சம்மதம் தரவில்லை. வீட்டிலிருந்து தனியாளாகத் தொழில் செய்தாலும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். உள்ளூர் எண்களுக்கு விளம்பரம் அனுப்பும் முன், தெளிவான சம்மதம் இல்லையென்றால், ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும். வாடிக்கையாளரே பட்டியலைத் தந்தால், எப்படிச் சேர்த்தது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அனுப்பும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

20. ‘சாதாரண ஆள் மாதிரி ஃபேஸ்புக் குரூப்ல ரெண்டு நல்ல கமெண்ட் போடுங்க’ன்னு கிளையண்ட் கேக்கறார். சின்ன விஷயம்தானே?

மறுத்துவிடுங்கள். பணம் வாங்கிச் சொல்வதை மறைப்பது விளம்பர நெறிமுறைக்குப் புறம்பு. அதைவிட, கேள்வி 1இல் சொன்னதுபோல் நம் வட்டம் சிறியது. அந்தக் குழுவில் உங்கள் எழுத்து நடையை அடையாளம் காணும் ஒரு தமிழாசிரியர் நிச்சயம் இருப்பார். மறுக்கும்போதே மாற்று வழி ஒன்றைக் கையில் கொடுங்கள்: உண்மையான வாடிக்கையாளர் மூன்று பேரிடம் கருத்துக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு, பெயரோடு போடுவது. அதற்கான கேள்விகளை எழுதித் தருவதற்கு அரை நாள் கட்டணம் வாங்கலாம்.